சாவி யார் கையில்? ஓலைச்சுவடி முதல் கணிப்பொறி வரை

காசு கொடுத்து வாங்கின பொருள் வாங்கினவனுக்குச் சொந்தம். வியாபாரத்துக்கு இதுதான் அரிச்சுவடி. பொருள் கை மாறியது, பணம் கை மாறியது, அத்தோடு விற்றவனுக்கும் அந்தப் பொருளுக்கும் இருந்த உறவு தீர்ந்தது. அதை வைத்துக்கொள்வதும், பழுது பார்ப்பதும், தம்பி பிள்ளைக்குக் கொடுப்பதும், பிரித்துப் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் வாங்கினவன் இஷ்டம். ஆகுர்டியில் நாற்பது வருஷமாகப் பேரிங்கும் பெல்ட்டும் விற்கிற எனக்கு, இது விவாதிக்க வேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை.

இன்றைக்கு அது ஒவ்வொரு வீட்டிலும் விவாதமாகி விட்டது. "போன் நாம வாங்கினதுதானே, அப்புறம் ஏன் இந்த ஆப்பை நீக்க முடியல?" என்று பேரன் கேட்கிறான். "போன வருஷம் வரைக்கும் ஓடின பில் போடுற சாஃப்ட்வேர், சந்தா கட்டலைன்னு பழைய கணக்கைக் கூடக் காட்ட மாட்டேங்குதே" என்று கடைக்காரர் கேட்கிறார். சின்ச்வட் எம்.ஐ.டி.சி.யில் சிறு பட்டறை வைத்திருப்பவர், தன் சி.என்.சி. மெஷின் திரையில் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார். மூவர் கேட்பதும் ஒரே கேள்விதான். பொருள் என் வீட்டில் இருக்கிறது, சாவி யார் கையில் இருக்கிறது?

இது கணிப்பொறி வந்த பிறகு முளைத்த புதுக்கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்பதை, நம் ஊர் வரலாற்றையும் நம் தமிழ் வரலாற்றையும் கொண்டே காட்ட முடியும் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆகுர்டி ஸ்கூட்டர் சொன்ன பாடம்

ஆகுர்டி என்றால் பழைய ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பஜாஜ் ஆலை. 1959இல் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் செய்ய இந்திய அரசின் உரிமம் பெற்ற அந்நிறுவனம், இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்தோடு செய்துகொண்ட தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி வெஸ்பா ஸ்கூட்டர்களைத் தயாரித்து வந்தது. அந்த ஒப்பந்தம் 1971இல் முடிந்தது. 'வெஸ்பா' என்ற பெயர் போயிற்று. ஆனால் வண்டி செய்யும் அறிவு ஆகுர்டித் தொழிலாளியின் கையிலும், பொறியாளரின் வரைபடத்திலும் தங்கிவிட்டது. அடுத்த ஆண்டே, ராணா பிரதாபின் குதிரையின் பெயரைத் தாங்கிக்கொண்டு 'சேட்டக்' வந்தது. அதற்கு முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நம் சங்கத்திலேயே உண்டு.

அந்தச் சேட்டக்கின் பெருமை என்ன? எந்தச் சந்து முனையிலும் ஒரு மெக்கானிக் அதைத் திறந்துவிடுவான். ஸ்டார்ட் ஆகவில்லையா, ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தினால் ஓடும். பிளக்கைக் கழற்றித் துடைக்க நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பழைய சேட்டக் 2000களின் நடுவில் நின்றுபோனது. 2022 ஜூன் மாதம் அதே ஆகுர்டியில் புதிய ஆலையிலிருந்து மின்சாரச் சேட்டக் வெளிவரத் தொடங்கியது. ஊருக்கு மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எந்தக் கம்பெனியின் மின் வண்டியை எடுத்துக்கொண்டாலும், அதன் மூளை மென்பொருள். அதைத் திறக்க ஸ்பேனர் போதாது. அறிவு தொழிலாளியின் கையிலிருந்து ஒரு சிப்புக்குள் போய்விட்டது. 1971இல் ஒப்பந்தம் முடிந்தபோது தங்கிய அறிவு, இன்று ஒரு ஒப்பந்தம் முடிந்தால் தங்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் கொடுத்தும் காவல் போட்ட கணிப்பொறி

இரண்டாவது உதாரணமும் புனேதான். 1980களில் பருவமழையைக் கணிக்க இந்தியாவுக்கு ஒரு பெரிய கணிப்பொறி தேவைப்பட்டது. அமெரிக்காவின் கிரே நிறுவனத்தின் இயந்திரத்தைக் கேட்டோம். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, கேட்டதை விடச் சக்தி குறைந்த கிரே எக்ஸ்-எம்பி ஒன்றைக் கொடுத்தார்கள். அதுவும் நிபந்தனையோடு. வானிலைக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், வேறு கணக்கு எதுவும் போடக் கூடாது, யார் அதைத் தொடலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. அணு ஆராய்ச்சிக்கோ ஏவுகணைக்கோ பயன்படுத்திவிடுவோம் என்பது அவர்கள் அச்சம். முழு விலை கொடுத்தவர் நாம், வாசலில் காவல் அவர்களுடையது.

இந்த அவமானத்தின் விளைவாகத்தான் 1988இல் புனேவில் சி-டாக் என்ற மேம்பட்ட கணிப்பொறி வளர்ச்சி மையம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் 'பரம் 8000' உருவானது. பெரிய ஒற்றை மூளை கிடைக்காவிட்டால் என்ன, சிறிய மூளைகள் பலவற்றை ஒன்றாகக் கட்டி இழுக்க வைப்போம் என்பதுதான் அதன் தத்துவம். ஒரு பெரிய யானை கிடைக்காதவன் அறுபது மாடுகளைப் பூட்டி மரம் இழுத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நடந்ததைத்தான் இன்று சின்ச்வட் பட்டறைக்காரரும் சிறு அளவில் சந்திக்கிறார்.

எழுத்துக்கே போட்ட பூட்டு

சி-டாக் தொடங்கிய புதிதில் அங்கே நடந்த இன்னொரு வேலை நம் தமிழோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய 'ஜிஸ்ட்' என்ற இந்திய மொழித் தொழில்நுட்பம் புனேவுக்கு வந்து வளர்ந்தது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறியீட்டு அட்டவணை போடலாம் என்பது அதன் அடிப்படை. அதுதான் 'இஸ்கி'. 1991இல் அது இந்தியத் தரமானது. உலகப் பொது எழுத்து முறையான யூனிகோடில் தமிழுக்கு வகுத்த கட்டங்களும், 1988ஆம் ஆண்டு இஸ்கி வரைவின் வரிசையைப் பின்பற்றியவையே. தமிழுக்கு உரிய உயிர்மெய் அமைப்பைப் பார்க்காமல் தேவநாகரிச் சட்டையைத் தைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தமிழறிஞர்கள் குறைபட்டுக்கொண்டது இதனால்தான். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடோடு 'டேஸ் 16' என்ற முறையையும் சேர்த்து ஏற்றதன் பின்னணியும் இதுவே.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது சாதாரணத் தமிழன் என்ன செய்தான்? ஆளுக்கொரு ஃபான்ட் வைத்துக்கொண்டான். ஒரு பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, இன்னொரு பத்திரிகைக்கு வேறொன்று. ஒன்றில் 'அ' இருந்த இடத்தில் மற்றொன்றில் 'ணு' இருக்கும். ஒரு கணிப்பொறியில் அடித்த கட்டுரையை அடுத்த கணிப்பொறியில் திறந்தால் கோழி கிளறியது போல இருக்கும். டிடிபி மென்பொருள்களில் பல 'லாக்' என்று ஒரு சிறு பொட்டலத்தைக் கணிப்பொறியின் முதுகில் செருகினால்தான் வேலை செய்யும்.

நம் சங்கத்துக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். தொடக்கக் காலத்து ஆண்டு மலர்கள் சில இப்படி அடிக்கப்பட்டவை. அடித்துக் கொடுத்தவர் தொழிலை விட்டுப் போய்விட்டார். லாக் பழுதானது. புதிது கேட்டால் அந்தப் பதிப்பு இப்போது இல்லை என்றார்கள். கோப்புகள் குறுந்தட்டில் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் ஒரு வரி படிக்க முடியாது. மறைந்துபோன பெரியவர்கள் இரண்டு பேரின் ஆய்வுக் கட்டுரைகள் அவற்றில் உண்டு. அச்சுப் பிரதி ஒன்றிரண்டு யார் வீட்டுப் பரணிலாவது கிடைத்தால்தான் உண்டு.

இதோடு புனேவின் பேஷ்வா தப்தரை ஒப்பிட்டுப் பாருங்கள். 1891இல் கட்டிய கட்டடத்தில் கட்டுக்கட்டாக மோடி எழுத்து ஆவணங்கள். இன்று மோடி படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனாலும் ஒருவர் முனைந்து மோடி கற்றுக்கொண்டால் இருநூறு வருஷத்துக் காகிதம் பேசும். அதற்கு யாருடைய லாக்கும் வேண்டாம். இருநூறு வருஷத்துக் காகிதத்தைப் படிக்கலாம், இருபத்தைந்து வருஷத்துக் கோப்பைப் படிக்க முடியாது என்றால், நாம் முன்னேறியிருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

நல்ல வேளை, நம்மில் சிலர் விழித்துக்கொண்டார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் கணிப்பொறியில் தமிழுக்கு வழி வகுத்தார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி மின்பதிப்பாக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. 'இ-கலப்பை' இலவசமாக வந்தது. 2005 ஏப்ரலில் மத்திய அரசே தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் குறுந்தட்டில் இலவசமாக வெளியிட்டது. அதே 2005இல் ஈழத்து நூல்களுக்காக நூலகம் திட்டம் தொடங்கியது. பிறகு யூனிகோடு பரவி, பாபேல் கோபுரம் ஒருவாறு முடிவுக்கு வந்தது. இன்று உங்கள் பேத்தி போனில் தமிழில் செய்தி அனுப்புகிறாள் என்றால், பூட்டு வேண்டாம் என்று சொன்ன சிலருடைய உழைப்பு அதில் இருக்கிறது.

சாத்திர தானமும் மூடபித்ரியும்

எங்கள் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் நான்கு தானம் என்று சிறு வயதிலேயே சொல்லிக் கொடுப்பார்கள்: ஆகார தானம், ஒளடத தானம், அபய தானம், சாத்திர தானம். சாத்திர தானம் என்றால் நூலைப் படியெடுத்துக் கொடுப்பது. ஓலையில் ஒரு நூலைப் படியெடுத்துத் தகுந்தவர் கையில் கொடுத்தால் புண்ணியம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்ற அம்மையார், பொன்னன் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுத வைத்துத் தானம் செய்தார். அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஆயிரம் படி! படி பெருகினால் நூல் பிழைக்கும் என்பதை அந்த அம்மையார் புரிந்துவைத்திருந்தார்.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் எங்கள் மதத்திலேயே உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. திகம்பர சமணத்தின் மூல ஆகமமான ஷட்கண்டாகமமும் அதன் தவளா உரையும் கர்நாடகத்து மூடபித்ரி கோயிலில் பழங்கன்னட எழுத்து ஓலைகளாக மட்டுமே இருந்தன. நூற்றாண்டுக் கணக்காக அவற்றைத் தரிசிக்கலாம், படிக்க முடியாது, படியெடுக்கவும் முடியாது. பாதுகாக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பூச்சிக்கும் ஈரத்துக்கும் நல்லெண்ணம் தெரியாது. மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரின் ஹீராசந்த் நேமிசந்த் போன்ற வணிகர்கள் முயன்று, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் படியெடுக்கும் வேலை தொடங்கியது. அது முடியப் பல ஆண்டுகள் ஆயிற்று. எடுத்த படியையும் வெளியே விடக் கூடாது என்று கட்டுப்பாடு. எப்படியோ ஒரு படி இரகசியமாக வெளியே போயிற்று. அதை அடிப்படையாகக் கொண்டு 1939 முதல் பேராசிரியர் ஹீராலால் ஜெயின் இந்தியில் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் 16 தொகுதிகள் வந்தன. ஆண்டுதோறும் சுருத பஞ்சமியன்று சுவடிகளைத் தூசி தட்டி வணங்குகிறோம். தரிசனம் மட்டுமே போதும் என்று இருந்திருந்தால், வணங்குவதற்கு ஒரு பொடிக்கட்டுதான் மிஞ்சியிருக்கும்.

தமிழுக்கும் இதே கதைதான். 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். சேலம் இராமசாமி முதலியார் தூண்டினார். கும்பகோணத்துச் சமணர்கள் பொருள் விளக்கினார்கள். ஒரு சைவ அந்தணரிடம் எங்கள் சமயக் கருத்துகளை ஏன் சொல்ல வேண்டும் என்று அவர்கள் கதவைச் சாத்தியிருந்தால், சிந்தாமணி இன்று நம் கையில் எந்த நிலையில் இருந்திருக்குமோ!

பாட்டுக்கு யார் சொந்தக்காரர்?

ஓலை போய் ஒலித்தட்டு வந்தபோது இதே வழக்கு மறுபடி எழுந்தது. 1921இல் பாரதியார் மறைந்த பிறகு, அவர் படைப்புகளின் உரிமை குடும்பத்தாரிடம் இருந்தது. ஒலிப்பதிவு உரிமை தனியாக ஒரு நகை வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தம் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது உரிமைப் பிரச்சினை வெடித்தது. சுதந்திரத்துக்குப் பாடிய கவிஞனின் பாட்டைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள், இயக்கம் நடத்தினார்கள். முடிவில் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக் கொடுத்தார். 1949இல் சென்னை அரசு பாரதியின் படைப்புரிமையை எடுத்துக்கொண்டது, குடும்பத்தாருக்கும் தொகை கொடுத்தது. சில ஆண்டுகளில் அவை எல்லோருக்கும் பொதுவாயின. நாட்டுடைமை என்ற அழகான சொல்லும் வழக்கமும் தமிழ்நாட்டில் நிலைத்தது இப்படித்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரும் செட்டியாரிடமிருந்து பிடுங்கவில்லை. சட்டப்படி அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் உரிமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அதை எவ்வளவு தூரம் பிடித்துக்கொள்வது நியாயம் என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் அன்றைய எழுத்தாளர்கள் கேட்டார்கள்.

ஒரு பிரிண்டர் கிளப்பிய கலகம்

அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் 1980 வாக்கில் ஒரு புது பிரிண்டர் வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலர், சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி அதன் மென்பொருளைத் திருத்தலாம் என்று நினைத்தார். மூல நிரலை வைத்திருந்தவர் கொடுக்க மறுத்தார், வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாராம். அந்தக் கோபத்தையும் ஒரு காரணமாகக் கொண்டு 1983இல் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்க, பிரித்துப் படிக்க, படியெடுத்துக் கொடுக்க, திருத்தி வெளியிட என்று நான்கு சுதந்திரங்களைச் சொன்னார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைக் கொண்டுவந்தார். தமிழில் இதற்குக் 'கட்டற்ற மென்பொருள்' என்று நல்ல பெயர் வைத்தார்கள். விலையில்லாதது என்பது அதன் பொருள் அல்ல, கட்டு இல்லாதது.

எதிர்த் தரப்பும் உண்டு. 1976இலேயே பில் கேட்ஸ் கணிப்பொறி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நாங்கள் உழைத்து எழுதிய மென்பொருளைக் காசில்லாமல் படியெடுத்துக்கொண்டால், நல்ல மென்பொருளை யார் எழுதுவார்கள் என்று கேட்டார். வியாபாரியான எனக்கு அந்தக் கேள்வி புரிகிறது.

நம் பக்கமும் இந்த விவாதம் அரசு வரை போனது. 2006-07 வாக்கில், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. கேரளத்துப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் விண்டோஸோடு சேர்த்துத் தரப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

கடைக்காரன் பார்வையில் ஒரு வேடிக்கை. மென்பொருள் வாங்கும்போது, "இது விற்பனை இல்லை, பயன்படுத்த அனுமதி மட்டும்தான்" என்று சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் டாடா கன்சல்டன்சி வழக்கில் 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தட்டில் பதிந்து கடையில் விற்கும் மென்பொருள் ஒரு சரக்கு என்றது. விற்பனை வரி உண்டு! 2021 மார்ச்சில் வந்த இன்னொரு தீர்ப்பில், வெளிநாட்டு மென்பொருளுக்குக் கொடுக்கும் விலை ராயல்டி ஆகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. வாங்குகிறவருக்குக் காப்புரிமை கைமாறுவதில்லை, ஒரு படியை வாங்குகிறார், அவ்வளவுதான் என்பது அதன் சாரம். வரி விஷயத்தில் சரக்கு, உரிமை கேட்டால் வெறும் அனுமதி என்று இரண்டு தராசு வைப்பது சரியா என்று கேட்கத் தோன்றுகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற மென்பொருளுக்கு நாசமாகாமல் காக்க ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வதை அனுமதிக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வதையும் அனுமதிக்கிறது. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. அதிலும் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் என்ற வாசகம் இருக்கிறது. கணிப்பொறி நிரலுக்கு மட்டுமாகக் காப்புரிமைப் பட்டயம் கிடையாது என்ற விதியைத் தளர்த்த 2004 இறுதியில் அவசரச் சட்டம் வந்தது, 2005இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை.

வெளிநாட்டில் நடந்தவையும் நமக்குப் பாடம். 2009 ஜூலையில், கிண்டில் கருவியில் பணம் கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அமேசான் இரவோடு இரவாக அழித்தது. விற்றவருக்கு அந்த உரிமை இல்லை என்பது காரணம், பணத்தையும் திருப்பித் தந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் போனது போலல்லவா இருந்தது! அமெரிக்க விவசாயிகள் டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்கும் உரிமைக்காகப் போராடினார்கள். கொலராடோ மாநிலம் 2023இல் அதற்குச் சட்டம் போட்டது. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் துறை ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று பழுது பார்க்கும் உரிமைக்கான இணையவாசல் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், மொபைல் போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் அடங்கும்.

கள்ளாமையும் மிகுபொருள் விரும்பாமையும்

இனி என் கருத்துக்கு வருகிறேன். இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்களைச் சமணம் சொல்கிறது. அவற்றில் கள்ளாமை ஒன்று, மிகுபொருள் விரும்பாமை ஒன்று. இந்த விவாதத்தில் இரண்டு பக்கத்தையும் இந்த இரண்டு விரதங்கள் கட்டிப் போடுகின்றன.

கள்ளாமை நம்மைப் பார்த்துக் கேட்கிறது: ஐம்பது ரூபாய்க்குத் திருட்டு சிடி வாங்கிப் போட்டுக்கொள்வது எந்த நியாயம்? ஒருவன் ராப்பகலாக எழுதிய நிரல் அது. "பெரிய கம்பெனிதானே, அவனுக்கு என்ன நஷ்டம்?" என்று நம்ம ஆட்கள் சொல்வது சமாதானமே தவிர நியாயம் ஆகாது. பணக்காரன் வீட்டில் திருடினாலும் திருட்டுதான்.

மிகுபொருள் விரும்பாமை விற்பவரைப் பார்த்துக் கேட்கிறது: விலை முழுவதும் வாங்கிய பிறகும் சாவியை ஏன் உன்னிடமே வைத்துக்கொள்கிறாய்? முதலில் சொன்ன சி.என்.சி. மெஷின் விஷயத்துக்கு வருவோம். தவணை பாக்கி இருந்தால் குறித்த நாளில் மெஷின் நின்றுவிடும்படி விற்பவர்கள் பூட்டு வைப்பதுண்டு. கடனுக்குக் கொடுத்தவன் பாதுகாப்புத் தேடுவதில் தப்பு சொல்ல மாட்டேன், நானும் கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறவன்தான். ஆனால் கடைசித் தவணை கட்டின அன்றே சாவியும் கைக்கு வர வேண்டும். அடகு மீட்டபின் நகையைத் திருப்பித் தராத மார்வாடியை ஊர் ஏற்குமா? இந்த ஒரு அளவுகோல் போதும். போனுக்கும், மென்பொருளுக்கும், மின் வண்டிக்கும் இதையே வைத்துப் பார்க்கலாம்.

எல்லாப் பூட்டும் கெட்டது என்றும் சொல்ல முடியாது. வண்டியின் பிரேக் மென்பொருளை ஆளாளுக்கு மாற்றினால் தெருவில் போகிறவனுக்கு ஆபத்து. திருட்டுப் போன போனைப் பூட்டி வைப்பது நல்லதே. சொந்தக்காரனுக்காகப் போட்ட பூட்டா, சொந்தக்காரனுக்கு எதிராகப் போட்ட பூட்டா என்பதுதான் பார்க்க வேண்டியது.

நம் குடும்பங்கள் செய்யக் கூடியவை

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது கூடுதல் முக்கியம். நம் தமிழ் பெரும்பாலும் இந்தக் கருவிகளுக்குள்தான் இப்போது வாழ்கிறது. பிள்ளைகளின் தமிழ்ப் பாடம், தாத்தா பாட்டி பேசிய பதிவு, ஊர்க் கோயில் படம், குலவரலாறு, எல்லாம் யாரோ ஒருவர் நடத்தும் கணிப்பொறியில் கிடக்கின்றன.

ஆகவே, முதலாவதாக, தமிழில் எதை அடித்தாலும் யூனிகோடிலேயே அடியுங்கள். இரண்டாவதாக, முக்கியமான கோப்புகளை எந்த மென்பொருளும் திறக்கக் கூடிய எளிய வடிவத்தில் ஒரு நகல் எடுத்து, வீட்டில் தனியாக ஒரு வட்டில் வையுங்கள். மூன்றாவதாக, மெஷினோ மென்பொருளோ வாங்கும் முன், "பணம் கட்டி முடித்ததும் சாவி வருமா? சந்தா நின்றால் என் பழைய கணக்கு எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான்காவதாக, காசில்லை என்றால் திருட்டு சிடி தேடாதீர்கள். லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் நேர்மையாகக் கிடைக்கின்றன, தமிழிலும் வேலை செய்கின்றன.

ஐந்தாவது, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். படிக்க முடியாமல் போன அந்தப் பழைய மலர்களின் அச்சுப் பிரதி யார் வீட்டில் இருந்தாலும் சங்க அலுவலகத்தில் ஒரு வாரத்துக்குக் கடனாகக் கொடுங்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஆளுக்குப் பத்துப் பக்கம் அடித்தால் ஒரு கோடை விடுமுறையில் முடிந்துவிடும். எழுதியவர்கள் குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, எவரும் படியெடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்போடு வெளியிடலாம். அத்திமப்பே ஆயிரம் படிக்கு எவ்வளவு பொன் செலவழித்தாரோ! நமக்கு அது கொஞ்சம் மின்சாரமும் கொஞ்சம் பொறுமையும்தான்.

வாழ்க தமிழ்! பெருகட்டும் படிகள்!